லைட்டு அணையட்டும்

அம்மாவின் ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்கலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் பென் டிரைவைச் சொருகினான், பிரிண்ட் கொடுத்தான், காகிதம் முழுசாக வெளியே வருவதற்குள் அதை வெடுக்கென்று உருவி என் கையில் வைத்துவிட்டான். "ஏய், பொறுப்பா!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. அந்த எஜெக்ட்டுலாம் இப்பத் தேவையில்ல."

அவன் சொன்னதில் பாதிக்கு மேல் நிஜம். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பென் டிரைவில் எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதும் முறையே வழக்கமான அமைப்பாகிவிட்டது. தவிர, இவன் எதையும் எழுதவுமில்லை, படிக்க மட்டும்தான் செய்தான். இதெல்லாம் தெரிந்து பிழைப்பதுதான் என் வேலையே. இருந்தும் வாய் முந்திக்கொண்டதற்குக் காரணம், அந்தக் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த எங்கள் கல்லூரி லேபும் அங்கே இருந்த லேப் அண்ணனும்.

லேபுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. வாசலில் கழற்றிப் போட்டதில் ஜோடி தேடி எடுப்பதற்குள் அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். கல்லூரியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான், முதல்வர் அறையில்கூட மின்விசிறிதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை உண்டு. அந்த உறையின் வாடையும் ஏசிக் குளிரும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு வரும். ஆளுக்கொரு ஃப்ளாப்பி, 1.44 மெகாபைட். அதை டப்பாவில் போட்டு, டப்பாவைப் பைக்குள் போட்டு, பஸ்ஸில் நசுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவருவோம்.

லேப் அண்ணனுக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் எந்த மெஷினில் எந்த ஃப்ளாப்பி டிரைவ் சேட்டை பண்ணும் என்பது அவருக்கு அத்துபடி. டிரைவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது யாராவது பட்டனில் கை வைத்தால், அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்: "லைட்டு அணையட்டும்!" மூன்று வருடத்தில் அந்த வாக்கியம் எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. கேன்டீனில் காபி ஆற்றிக் குடிக்கும் தோழியைக்கூட "லைட்டு அணையட்டும்ட்டி" என்று கேலி பண்ணுவோம்.

ஆனால் லைட்டு அணைந்த பிறகு எடுத்தும் சிலருக்கு ஃபைல் காலியாக இருந்தது. அண்ணனுக்கு அது பெரிய அவமானம். டிரைவைக் கழற்றித் துடைப்பார், ஃப்ளாப்பியை ஊதிப் பார்ப்பார், கடைசியில் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். விஷயத்தைப் போட்டு உடைத்தது எங்களுக்கு சி மொழி எடுத்த மிஸ்.

அன்றைக்கு எல்லாரும் டர்போ சி-யில்தான் எழுதுவோம். ஓடி முடித்ததும் நீலத் திரை வந்து விடையை மறைத்துவிடும் என்பதால், புரோகிராமின் கடைசி வரியாக ஒரு கெட்ச் போட்டு நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். ஏதாவது ஒரு கீயைத் தட்டும்வரை அது அப்படியே நிற்கும். தோழி ஒருத்தி மாணவர் பெயரையும் மார்க்கையும் ஃபைலில் எழுதினாள், கெட்ச்சில் நின்றாள், விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தாள், ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள். அங்கே போய்ப் பார்த்தால் ஃபைலின் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அளவு மட்டும் 0.

மிஸ் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. "ஜங்ஷன் பஸ்ல கண்டக்டர் ஒவ்வொரு டிக்கெட் காசையும் எடுத்துக்கிட்டு டிப்போவுக்கு ஓடுதாரா? பையில போடுதாரு. டிப்போவுக்கு வந்து கணக்கு முடிக்கையிலதான் கட்டுதாரு. நீ பஸ்ஸ நடுவழியிலேயே நிப்பாட்டி இறங்கிட்டே. டிப்போக் கணக்குல எப்படி ஏறும்?" என்றார்.

டர்போ சி-யில் அந்தப் பை 512 பைட். எஃப்பிரிண்ட்எஃப் என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் எழுத்துகள் பைக்குள்தான் விழும். பை நிரம்பினால் வட்டுக்குப் போகும், இல்லையென்றால் ஃபைலை மூடும் எஃப்க்ளோஸ் வரும்வரை காத்திருக்கும். டாஸ் தன் பங்குக்கு இன்னொன்றும் செய்யும்: ஃபைலின் நீளம் இவ்வளவு என்று டைரக்டரியில் குறித்துக்கொள்வதே அது மூடப்படும் நேரத்தில்தான். ஆக, எழுதிவிட்டோம் என்று நாம் நினைக்கும் நேரமும் உண்மையில் எழுதப்படும் நேரமும் வேறு வேறு. இரண்டாவதுக்குத்தான் எஃப்க்ளோஸ் என்று பெயர்.

"மிஸ், நான் க்ளோஸ் போடவே மாட்டேன், எனக்கு எல்லாம் சரியா வருதே" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் சொன்னதும் சரிதான். புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் சி மொழியே திறந்து கிடக்கும் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் போகும். பாலகுருசாமியின் புத்தகத்தில் ஃபைலைத் திறப்பதற்கு அடுத்ததாக மூடுவதைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. ஆனால் மூடாமலே ஓடுகிற ஒன்றுக்குப் புத்தகம் சொல்கிறதே என்று யார் ஒரு வரி கூடுதலாக அடிப்பார்கள்? மிஸ் அவனைப் பார்த்து, "ஒழுங்கா முடிஞ்சா" என்று மட்டும் சொன்னார்.

ஒழுங்காக முடியாத நாளும் வந்தது. ஆடிக் காற்று. பிராக்டிகல் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி பழையது, ஒரு விசில் அடித்துவிட்டு அதுவும் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் லேப் அண்ணன் ஒவ்வொரு மெஷினாகச் செக்டிஸ்க் போட்டுக்கொண்டே வந்தார். வட்டில் எழுதப்பட்டும் எந்த ஃபைலுக்கும் சொந்தமாகாத துண்டுகளை அது பொறுக்கியெடுத்து, ஃபைல்0000.சிஹெச்கே, ஃபைல்0001.சிஹெச்கே என்று பெயர் வைத்துத் தரும். அவற்றைத் திறந்து பார்த்து "இது யாருது? முருகானந்தம் 67 மார்க்குன்னு இருக்கு, யாருது?" என்று அண்ணன் ஏலம் போட்டது இப்போதும் காதில் கேட்கிறது. எழுதிய கையோடு மூடியிருந்தவர்களின் ஃபைல்கள் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு பின்பெஞ்சுக்காரனும் எஃப்க்ளோஸ் போட்டான்.

அந்த லேபிலேயே இன்னொரு வித்தையையும் மிஸ் செய்து காட்டினார். ஃபைலைத் திறந்து மூடாமல், திரும்பத் திரும்பத் திறந்துகொண்டே போகும் ஒரு சின்ன புரோகிராம். டர்போ சி-யில் ஒரே சமயத்தில் ஸ்ட்ரீம் எனப்படும் ஓடைகள் 20தான் திறந்திருக்கலாம். 20 முறை திறக்கலாம் என்று பார்த்தால் பதினைந்தோடு நின்றுவிட்டது. மிச்சம் ஐந்து எங்கே? கீபோர்டு, திரை, பிழைச் செய்தி, துணைப் போர்ட், பிரிண்டர் என்று ஐந்து, நாம் எதையும் தொடுவதற்கு முன்பே திறந்திருக்கின்றன. நாம் திறக்காதவையும் நம் புரோகிராமுக்குள் திறந்து கிடக்கின்றன என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆச்சரியம். அதற்கு வேறு ஒரு பயன் உண்டு என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

சென்னைக்கு வேலைக்குப் போன புதிதில் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. "சார்" என்றால் பக்கத்து சீட்டில் சிரிப்பார்கள். மேற்கு மாம்பலத்தில் பெண்கள் விடுதி, கம்பெனி பஸ்ஸில் பழைய மகாபலிபுரம் சாலை, இரண்டு பக்கமும் பாதி கட்டிய கட்டடங்கள். நாங்கள் எழுதியது ஜாவா. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ராத்திரிதோறும் அறிக்கை ஒன்று தயாராகிப் போகும். ஒருநாள் காலையில் "அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காணோம், ஒரு பெயர் பாதியில் நிற்கிறது" என்று புகார் வந்தது. நாங்கள் நாலு பேர் கோடைப் பிரித்துப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். டீம் லீட் டீ டம்ளரோடு வந்தார்.

"ஃபைல் சைஸ் எவ்ளோ?"

"40,960."

"8192-ஆல வகு."

"அஞ்சு."

"மீதி?"

"இல்லை."

"அப்ப மூடலை. போய்ப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கத் தொடங்கினார்.

கோடைத் திறக்காமலே நோயைச் சொல்லிவிட்ட அந்த நிமிஷத்தில் அவரைச் "சார்" என்று கூப்பிட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஜாவாவின் பஃபர்ட்ரைட்டருக்குப் பை 8192 எழுத்து. நிரம்பிய பைகள் மட்டும் வட்டுக்குப் போயிருக்கின்றன, கடைசியில் அரைகுறையாக இருந்த பை புரோகிராமோடே போய்ச் சேர்ந்துவிட்டது. சி-யைப் போல ஜாவா தான் முடியும்போது இதையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகாது. கல்லூரியில் சி படித்துவிட்டு வந்த எங்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோடை எழுதியவர் எங்களுக்கு முன்பே வேலையை விட்டு அமெரிக்கா போயிருந்தார். ஊரில் இல்லாதவர் மேல் பழி போடுவதில் எல்லாருக்குமே ஒரு நிம்மதி.

எழுதும் ஓடையை மூடாவிட்டால் வாலாவது காணாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். படிக்கும் ஓடை அப்படியில்லை, அமைதியாகக் கொல்லும். எங்கள் சர்வர் ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரீஸ்டார்ட் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஷிப்ட் மாறும்போது கைமாறும் நோட்டில் அது ஒரு வரியாக எழுதியிருக்கும், செய்துவிட்டு டிக் அடிப்போம். ஒரு வாரம் யாரோ மறந்துவிட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. லாகில் வந்து விழுந்த செய்தி, 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. லாகினுக்கும் ஃபைலுக்கும் என்ன சம்பந்தம் என்று நெட்வொர்க் ஆட்களைப் பிடித்து ஏசினோம், அவர்கள் எங்களை ஏசினார்கள்.

சம்பந்தம் இருந்தது. லினக்ஸில் ஒரு புரோகிராம் திறக்கும் ஃபைலுக்கும் ஒரு எண், வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் ஒரு எண், இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும். வழக்கமான உச்சவரம்பு 1024. எல்லா எண்களும் தீர்ந்த பிறகு யார் வந்து கதவைத் தட்டுகிறார்களோ அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். தின்று தீர்த்தவன் வேறு எங்கோ இருப்பான். எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எந்த புரோகிராம் எதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறது என்று அது பட்டியல் போடும். திரையில் ஒரே மாதிரிப் பெயர் கொண்ட ஃபைல்கள் பக்கம் பக்கமாக ஓடின. தினமும் வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஃபைல்கள். அதில் ஒரு வரி கோணலாக இருந்தால் புரோகிராம் பிழை என்று குதித்து வெளியேறிவிடும். மூடும் வரி அதற்குக் கீழே இருந்தது, அங்கே போய்ச் சேரவே இல்லை. புரோகிராமையே நிறுத்தினால் ஆபரேட்டிங் சிஸ்டம் அது திறந்துவைத்த எல்லாவற்றையும் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மருந்தின் ரகசியம் அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை வேறு. அதே கோட் எங்கள் டெஸ்ட் மெஷினில் மாதக்கணக்கில் ஓடியும் சாகவில்லை. பழைய பெட்டி, நினைவகம் குறைவு. புரொடக்ஷன் சர்வர் விலையுயர்ந்தது, நினைவகம் ஏராளம். ஜாவாவில் யாருக்கும் வேண்டாத பொருள்களை அவ்வப்போது வாரிக் கொட்டும் வேலை ஒன்று தானாக நடக்கும். அப்படி வாரும்போது, மூடாமல் விட்ட ஃபைல் ஓடை அகப்பட்டால், அந்தக் காலத்து ஜாவா அதை மூடியும் விடும். சின்னப் பெட்டியில் இடம் போதாமல் அடிக்கடி வாரிக்கொண்டே இருந்ததால் பிழைத்துக் கிடந்தது. பெரிய சர்வரில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் வாருவதற்கு அவசரமும் இல்லை. 'ஃபைனலைஸ்' என்ற அந்த ஏற்பாட்டை நம்ப வேண்டாம் என்று 2017-இல் ஜாவா 9 வந்தபோது அவர்களே ஒதுக்கிவைத்தார்கள். எங்களுக்கு அந்தப் புதன்கிழமையே போதுமானதாக இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் 'ஃபைனலி' பகுதிக்குள் மூடு என்று கட்டளை. பிழை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பகுதி ஓடியே தீரும். கேட்க எளிதாக இருக்கிறது, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அசிங்கம் தெரியும். ஓடையை முதலில் வெறுமையாக அறிவிக்க வேண்டும். திறந்ததா இல்லையா என்று சோதித்துவிட்டு மூட வேண்டும். மூடும்போதே பிழை வரலாம் என்பதால் அதைப் பிடிக்க அதற்குள் இன்னொரு டிரை. படிப்பது ஒன்று எழுதுவது ஒன்று என்று இரண்டு ஓடை இருந்தால், முதலாவதை மூடுகையில் வரும் பிழை இரண்டாவதை மூட விடாமல் செய்யக் கூடாது, ஆக இன்னும் ஒரு டிரை. ஒரு ஃபைலைப் பிரதி எடுக்க நாலு வரி போதும், மூடுவதற்குப் பதினைந்து வரி. அலுத்துப்போய், மூடும்போது வரும் பிழையை வெற்றுக் கேட்ச்சில் போட்டு விழுங்கிவிடுவது எங்கள் எல்லாருடைய பழக்கமாகவும் ஆனது. படிக்கும் ஓடையில் அதனால் பெரிய கேடில்லை. எழுதும் ஓடையில் அது விஷம். வட்டில் இடம் தீர்ந்திருந்தால் அந்தச் செய்தி பல சமயம் வருவதே கடைசிப் பையைக் கொட்டும்போதுதான். அதை விழுங்கிவிட்டு 'வெற்றி' என்று லாகில் எழுதுகிற புரோகிராமை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குத்தான் இது வரவில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஜாவாவின் நூலகங்களில் கணிசமான பகுதியை வடிவமைத்த ஜோஷுவா பிளாக், 'எஃபெக்டிவ் ஜாவா' மூன்றாம் பதிப்பில் போகிறபோக்கில் ஒரு விஷயம் சொல்கிறார்: தன்னுடைய 'ஜாவா பஸ்லர்ஸ்' புத்தகத்தின் 88-ஆம் பக்கத்தில் தானே இதைத் தப்பாக எழுதியிருந்ததாகவும், பல வருடம் யாரும் கவனிக்கவில்லை என்றும். அதைவிட, 2007-இல் ஜாவாவின் சொந்த நூலகங்களிலேயே க்ளோஸ் வருகிற இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறாக இருந்தனவாம். படித்ததும் எனக்கு ஏதோ பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. மூன்றில் இரண்டு பேர் தடுக்கி விழும் படி என்றால் நடப்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன், படியைத்தான் செப்பனிட வேண்டும்.

செப்பனிட்டார்கள். 2011-இல் ஜாவா 7 வந்தது. டிரை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓடையைத் திறந்துவிட்டால் போதும். எப்படி வெளியேறினாலும் அது மூடும், கடைசியாகத் திறந்ததை முதலில் மூடும். வேலையிலும் பிழை, மூடுவதிலும் பிழை என்றால் முதல் பிழையை மறைக்காமல் இரண்டாவதை அதன் வாலில் கட்டி அனுப்பும். பதினைந்து வரி ஒரு வரிக்குள் போய்விட்டது. பைத்தான்காரர்கள் 2006-லேயே 'வித்' என்று இதே வசதியைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஒரு தம்பி சீண்டினான். கொண்டுவரட்டும். எங்கள் டீமில் பழைய கோடையெல்லாம் மாற்றி எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிச் செய்தேன். அழிக்கும் வரிகள் சேர்க்கும் வரிகளைவிட அதிகமாக இருக்கும் வேலை ஒரு புரோகிராமருக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

இப்போது டீமில் சேரும் பிள்ளைகள் ஃபைனலிக்குள் மூடி எழுதியதே இல்லை. பழைய கோட் ஒன்றைக் காட்டினால் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை, கஷ்டப்பட்டுக் கற்றதை அடுத்தவரும் கஷ்டப்பட்டே கற்க வேண்டும் என்பதில் என்ன நியாயம்? ஒன்றே ஒன்று. மூடுவது என்ற வேலை கண்ணில் படாமல் போய்விட்டதால், எதை மூட வேண்டும் என்ற கேள்வியும் சேர்ந்து மறந்துபோகிறது.

போன விடுமுறையில் என் அண்ணன் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ். "அத்தை, இது ஒரு தடவை கேக்குது, ரெண்டாந்தடவ கேக்காமலே எரர் அடிக்குது."

இரண்டு மெத்தடுகள். ஒன்று பெயரைக் கேட்டு வாங்கும், இன்னொன்று வயதை. இரண்டிலும் கீபோர்டு ஓடையான சிஸ்டம்.இன் மேல், அதைப் படிக்கத் தனித்தனியாக ஒரு ஸ்கேனர், இரண்டின் முடிவிலும் சமர்த்தாக க்ளோஸ்.

"க்ளோஸ் யாரு போடச் சொன்னா?"

"எக்லிப்ஸ்தான். போடலேன்னா மஞ்சக் கோடு போட்டு, ரிசோர்ஸ் லீக்குன்னு ஏசுது."

கோட் எழுதும் அந்த எடிட்டர் பொதுவில் நல்ல புத்திதான் சொல்கிறது. ஆனால் ஸ்கேனரை மூடினால் அது தனக்கு உள்ளே இருக்கும் ஓடையையும் மூடும். அதாவது கீபோர்டிலிருந்து வரும் வழியையே. ஒருமுறை மூடியதை அந்த புரோகிராம் முடியும்வரை மறுபடி திறக்க வழியில்லை. இரண்டாவது ஸ்கேனர் போய் நின்றால் அங்கே எதுவும் இருக்காது.

"ஏளா, சிஸ்டம்.இன்ன நீயா திறந்தே?"

"இல்ல. அது அதுவா இருந்துச்சு."

"அப்ப நீ ஏன் மூடுதே?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். இரண்டு க்ளோஸையும் அழித்தாள். மஞ்சள் கோடுகள் திரும்ப வந்தன. மெயினில் ஒரே ஒரு ஸ்கேனர் வைத்து இரண்டு மெத்தடுக்கும் அதையே கொடு என்றேன். மாற்றி எழுதி ஓட்டினாள். பெயர் கேட்டது, வயது கேட்டது, ஒழுங்காக முடிந்தது. மெயினில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு மிச்சம்.

"இது இன்னும் ஏசுதே அத்தை" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "ஏசட்டும்" என்று அவளே சொல்லிக்கொண்டு, லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு முறுக்கு டப்பாவைத் தேடிப் போனாள்.